உப்பு எல்லாம் முல்லையாமே! தெரியுமா?

வேதாரண்யத்துக்காரர் ஒருவரை நிறுத்தி, "அண்ணே, உப்பும் முல்லைப்பூவும் ஒண்ணுதானே?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் கண்ணைக் கூசும் உப்பளம். இந்தப் பக்கம் வந்தால் முல்லைக் கொல்லை. கோடியக்கரைக் காட்டுக்குள் துள்ளி ஓடும் வெளிமான். மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதே ஊரில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு வரும் கேள்வியோ இந்த மாதிரி இருக்கும்:

கூற்றுகள்:
உப்பு எல்லாம் கடல்.
கடல் எல்லாம் முல்லை.
முல்லையில் சில, மான்.

முடிவுகள்:
1. உப்பு எல்லாம் முல்லை.
2. உப்பில் சில, மான்.
3. எந்த உப்பும் மான் அல்ல.

எது பொருந்தும்? இதற்குப் பெயர்தான் சிலாஜிசம். விடை கடைசியில். அதற்குள் எட்டிப் பார்த்துவிடாதீர்கள். வழியில் உங்களுக்காக நக்கீரர், மணிமேகலை, ஒரு முதலை, சோறு போட்ட மரம், பாதிச் சவரத்தோடு நின்ற ஒரு போலீஸ்காரர் என்று பெரிய கூட்டமே காத்திருக்கிறது!

நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் தோற்பார்கள், தெரியுமா?

கோயிலுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விடுகிறோம் அல்லவா? சிலாஜிசத்துக்குள் நுழையும்போது உலக அறிவை வாசலில் விட வேண்டும். உப்பு முல்லை ஆகுமா என்று யோசித்தால் போச்சு! தாளில் எழுதியிருப்பது மட்டும்தான் உலகம்.

சொல்வது எளிது, செய்வது கடினம். 1983-இல் ஜோனதன் எவான்ஸும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். தர்க்கப்படி தவறான ஒரு முடிவு, கேட்பதற்கு மட்டும் நம்பும்படி இருந்தபோது, 71 சதவீதம் பேர் "சரி" என்றார்கள்! அதே மாதிரி தவறான முடிவு நம்பமுடியாததாக இருந்தபோது "சரி" என்றவர்கள் வெறும் 10 சதவீதம். இதைவிட வேடிக்கை, தர்க்கப்படி முழுக்கச் சரியான முடிவாக இருந்தும், கேட்க ஒவ்வாததாக இருந்ததால் 56 சதவீதம் பேர்தான் அதை ஏற்றார்கள். நாம் காரணத்தை எடை போடுவதில்லை. பிடித்த முடிவைக் கண்டதும் தராசைக் கீழே வைத்துவிடுகிறோம்!

"நான் பார்த்ததில்லையே!" என்று ஒருவர் சொன்னார், தெரியுமா?

1930-களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பள்ளிக்கூடம் போகாத உழவர்களிடம் இப்படிக் கேட்டார்: தூர வடக்கில், பனி கொட்டும் இடத்தில், கரடிகள் எல்லாம் வெள்ளை. இன்ன ஊர் தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?

பலரும் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: நான் அங்கே போனதில்லை, போய்ப் பார்த்தவரைக் கேளுங்கள்!

அவர்களுக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன் என்கிற நேர்மை அது. நம் ஊர் சம்சாரியும், வயலைப் பார்க்காமல் மகசூல் எவ்வளவு என்று சொல்லமாட்டார். ஆனால் தேர்வு கேட்பது அந்த நேர்மையை அல்ல, வேறொரு பழக்கத்தை. இரண்டும் வேறு வேறு என்று புரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

கேள்வித்தாளின் கிறுக்குத்தனத்தை ஒரு கதாசிரியரும் செய்தார், தெரியுமா?

"ஆலிஸின் அற்புத உலகம்" எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணக்கு வாத்தியார்! நிஜப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். சிலாஜிசத்தை ஒரு பலகையும் 9 காய்களும் வைத்து விளையாடும் ஆட்டமாகவே மாற்றி, 1880-களில் புத்தகம் போட்டார். 1896-இல் வந்த அவருடைய இன்னொரு தர்க்க நூலில், குழந்தைகள், முதலைகள் என்று சம்பந்தமில்லாதவற்றைக் கோத்து, "குழந்தைகளால் முதலையை அடக்க முடியாது" என்ற முடிவுக்குக் கறாராக வந்து சேர்வார்.

இந்தக் கோமாளித்தனம் எதற்கு? வாக்கியம் அபத்தமாக இருந்தால்தான் உங்கள் உலக அறிவு வாயை மூடிக்கொண்டிருக்கும். வடிவம் மட்டும் கண்ணில் படும். உப்பு, முல்லை, மான் கலவை பைத்தியக்காரத்தனம் அல்ல, திட்டமிட்ட ஏற்பாடு!

256-இல் 24-தான் தேறும், தெரியுமா?

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்கத்து அரிஸ்டாட்டில் போட்ட அஸ்திவாரம் இது. வாக்கியம் நான்கே வகை: எல்லாம், எதுவும் இல்லை, சில, சில அல்ல. கூற்று இரண்டு, முடிவு ஒன்று, ஆக மூன்று இடம். 4 × 4 × 4 = 64. நடுவில் நிற்கும் சொல் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில் 4 அமைப்பு. மொத்தம் 256 வடிவங்கள். பழைய மரபுப்படி அவற்றில் செல்லுபடியாவது 24 மட்டும்!

அந்த நடுச்சொல் யார் தெரியுமா? இரண்டு வீட்டையும் பேசிச் சேர்த்துவைத்துவிட்டு, பந்தியில் ஆளைக் காணோமே என்று தேட வைக்கும் கல்யாணத் தரகர்! கூற்று இரண்டிலும் இருப்பார், முடிவில் இருக்கமாட்டார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஒரு வீட்டையாவது அவர் முழுசாக அறிந்திருக்க வேண்டும். அதாவது ஒரு கூற்றிலாவது அந்தச் சொல் முழுமையாக அடங்கியிருக்க வேண்டும். "உப்பளத் தொழிலாளிகள் எல்லாரும் வெயிலில் உழைப்பவர்கள். என் மாமா வெயிலில் உழைப்பவர். ஆகவே மாமா உப்பளத் தொழிலாளி" என்றால் தரகர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். மாமா நாற்று நடுகிறவராக இருக்கலாம், கடலுக்குப் போகிறவராகவும் இருக்கலாம்!

இன்னும் கையடக்கமாக மூன்று: இரண்டு கூற்றும் "இல்லை" என்றால், அவற்றைச் சேர்த்து எந்த முடிவும் வராது. இரண்டும் "சில" என்றாலும் வராது. ஒன்று "சில" என்றால் முடிவு "எல்லாம்" ஆக முடியாது.

வேதாரண்யத்து எரிமலைகள் எல்லாம் உப்பைக் கக்கும், தெரியுமா?

வேதாரண்யத்தில் எரிமலையே கிடையாதே என்கிறீர்களா? அதனால்தான் இன்றைய தர்க்கம் அந்த வாக்கியத்தை உண்மை என்கிறது! உப்பைக் கக்காத ஒரு வேதாரண்யத்து எரிமலையை யாராலும் காட்ட முடியாது, அவ்வளவுதான். இப்படி இல்லாத பொருள்களையும் கணக்கில் சேர்த்தால், அந்த 24 வடிவங்கள் 15 ஆகச் சுருங்கிவிடும். போட்டித் தேர்வில் இந்தத் தொல்லை கிடையாது. "எல்லா மானும்" என்று எழுதியிருந்தால் மான் இருக்கிறது என்றே கொள்ளலாம். "எல்லாம்" என்பதிலிருந்து "சில" தாராளமாக வரும்.

திருத்துறைப்பூண்டி ரயில் பாடம் நடத்தும், தெரியுமா?

2023 ஏப்ரலில் அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் வந்தது நினைவிருக்கும். அகஸ்தியம்பள்ளியிலிருந்து கிளம்பும் ரயில் எல்லாம் திருத்துறைப்பூண்டி போகும். சரி. அதைத் திருப்பிப் போட்டு, "திருத்துறைப்பூண்டி போகும் ரயில் எல்லாம் அகஸ்தியம்பள்ளி ரயில்" என்று ஏறி உட்கார்ந்தால்? காரைக்குடியில் போய் இறங்கலாம்! திருவாரூர்–காரைக்குடிப் பாதையும் அந்த ஊர் வழியாகத்தானே போகிறது.

"எல்லாம்" வாக்கியத்தை அப்படியே திருப்பக் கூடாது. "சில" வாக்கியத்தைத் திருப்பலாம். "எதுவும் இல்லை" வாக்கியத்தையும் திருப்பலாம். தேர்வில் கேட்கப்படும் பொறிகளில் பல இந்த மூன்று வரியில் அடக்கம்!

நன்னூல் இன்னொரு பொறியை 13-ஆம் நூற்றாண்டிலேயே பிடித்துவிட்டது, தெரியுமா?

"எல்லாரும் வரவில்லை." இதற்கு என்ன பொருள்? ஒருவருமே வரவில்லையா, அல்லது சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லையா? கல்யாண வீட்டில் இந்த ஒரு வாக்கியத்தால் பந்திக் கணக்கே தப்பும்!

முழுமையைக் காட்டுகிற "உம்" முற்றும்மை. அது சில இடங்களில், முக்கியமாக இப்படி எதிர்மறை வரும்போது, முழுமையை விட்டுவிட்டு "மிச்சம் உண்டு" என்று காட்டும் எச்சவும்மை ஆகிவிடும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் விதியே எழுதிவைத்தார். தொல்காப்பியத்தின் இடையியலிலும் இதே கருத்து உண்டு. தர்க்க வகுப்பில் சொல்லித்தரும் நுட்பம், நம்முடைய இடைச்சொல் இலக்கணத்தில் இருக்கிறது!

இது வெறும் பழம்பெருமை என்று நினைக்காதீர்கள். 2021-இல் பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வை ஆங்கிலம், இந்தியோடு 13 மாநில மொழிகளிலும் நடத்த மத்திய நிதியமைச்சகம் பரிந்துரைத்தது. தமிழும் அதில் ஒன்று. "எல்லா மான்களும் குதிரைகள் அல்ல" என்று தமிழ்த் தாளில் வந்தால் ஒரு நொடி நில்லுங்கள். ஆங்கில வடிவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். "எந்த மானும் குதிரை அல்ல" என்றால் குழப்பமே இல்லை.

"சில" என்றால் எத்தனை, தெரியுமா?

கடைத்தெருப் பேச்சில் "சில மாம்பழம் அழுகல்" என்றால் மற்றது நல்லது என்று எடுத்துக்கொள்வோம். தர்க்கத்தில் அப்படி இல்லை! "சில" என்றால் குறைந்தது ஒன்று. எல்லாமே அழுகலாக இருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. "சில மட்டுமே" என்று வந்தால்தான் கதை மாறும். அப்போது சில அழுகல், சில நல்லது என்ற இரண்டும் உறுதி. ஒரே ஒரு "மட்டுமே" விடையையே புரட்டிப்போடும்.

மறைக்காட்டுக் கதவு ஒரு விதியைச் சொல்லும், தெரியுமா?

வேதாரண்யம் என்கிற திருமறைக்காடு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலபுராணம். அப்பருக்குத் திறக்க ஒரு பதிகமே தேவைப்பட்டது, சம்பந்தருக்கு அடைக்க முதல் பாட்டே போதுமாக இருந்தது என்பதை ஊரில் இன்றும் சுவைத்துச் சொல்வார்கள்.

நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், கோயில் கதவைப் பார்க்கவில்லை. திறந்திருக்கிறதா? தெரியாது. மூடியிருக்கிறதா? அதுவும் தெரியாது. ஆனால் இரண்டில் ஒன்று என்பது மட்டும் சர்வ நிச்சயம்! தேர்வில் "இரண்டில் ஒன்று பொருந்தும்" என்ற விடை இப்படித்தான் பிறக்கிறது. அதற்கு மூன்று நிபந்தனை. இரண்டு முடிவும் தனித்தனியே உறுதியாகக் கூடாது. இரண்டிலும் அதே ஜோடிச் சொற்கள் இருக்க வேண்டும். ஒன்று "சில" என்றால் மற்றது "எதுவும் இல்லை" என்றோ, ஒன்று "எல்லாம்" என்றால் மற்றது "சில அல்ல" என்றோ, திறப்பும் அடைப்பும் மாதிரி எதிரெதிராக நிற்க வேண்டும்.

டெல்டாப் பெண் ஒருத்தி தர்க்க வகுப்பில் உட்கார்ந்தாள், தெரியுமா?

பெயர் மணிமேகலை! பூம்புகாரில் வளர்ந்தவள், காஞ்சியில் அறவண அடிகளிடம் பாடம் கேட்கிறாள். 1898-இல் உ.வே.சாமிநாதையர் அச்சில் ஏற்றிய அந்தக் காப்பியத்தின் 29-ஆம் காதை கிட்டத்தட்ட ஒரு தர்க்கப் பாடப்புத்தகம். இங்கே வாதத்துக்கு மூன்று அல்ல, ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். அந்த மலையில் நெருப்பு உண்டு. ஏன் என்றால் புகை இருக்கிறது. அடுக்களையைப் பார் என்று போகிறது வாதம்.

அடுக்களை! அரிஸ்டாட்டில் கேட்காத சாட்சி அது. வடிவம் சரியாக இருந்தால் அவருக்குப் போதும். நம் பக்கத்து மரபு, கண்ணால் கண்ட ஓர் எடுத்துக்காட்டையும் கேட்டது. உஸ்பெகிஸ்தான் உழவர் அறவண அடிகளிடம் போயிருந்தால் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போயிருக்கும்!

33 வகைப் போலி வாதம் உண்டு, தெரியுமா?

அதே காதை, வாதம் எங்கெங்கே கெடும் என்றும் பட்டியல் போடுகிறது. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. கூட்டினால் 33! பக்கப் போலிக்கு வரும் உதாரணங்களில் ஒன்று: தன்னைப் பெற்ற தாயை மலடி என்பது. சொல்லும்போதே வாய் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது பாருங்கள். சத்தம் காதுக்குப் புலப்படாது என்பது இன்னொன்று. இன்றைய தொலைக்காட்சி விவாதத்தை இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பாருங்கள், அரை மணி நேரத்தில் பாதியை டிக் அடித்துவிடலாம்!

ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு நூல், தெரியுமா?

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம். அவற்றை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து நிறுவிக்கொண்டே போகும். அதற்கு மாபாடியம் எழுதியவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தவரும் அவரே. "எடுத்து" என்ற ஒரே சொல்லைக் காப்பாற்ற அவர் எழுதிய மறுப்பு நூலின் பெயர் என்ன தெரியுமா? வைரக்குப்பாயம்! சொல்லுக்கே வைரக் கவசம் மாட்டிவிட்டார்.

நக்கீரர் கடைசிவரை தர்க்கம் தவறவில்லை, தெரியுமா?

திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் எந்த ஊர்? சாட்சாத் வேதாரண்யம்! தருமிக்குப் பொற்கிழி தந்த கதையை 1965-இல் வந்த ஏ.பி.நாகராஜனின் படத்தால் நாம் எல்லாரும் மனப்பாடமாக அறிவோம். அதையே கூற்று–முடிவாக மாற்றிப் பாருங்கள்.

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற இறைவனின் பாட்டை மறுத்து நக்கீரர் வைத்த கூற்று: எந்தக் கூந்தலுக்கும் இயற்கையில் மணம் இல்லை. இறைவன் ஒவ்வொரு படியாக ஏறுகிறார். உயர்குலப் பெண்? இல்லை. தேவமாதர்? இல்லை. நீ வணங்கும் காளத்திநாதனின் தேவி? அதுவும் கூந்தல்தானே, ஆகவே இல்லை!

"எதுவும் இல்லை" என்ற கூற்றை உடைக்க ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும். இறைவன் தேடியது அதைத்தான். நக்கீரரோ கூற்றை வைத்த பிறகு முடிவுக்குப் பயந்து பின்வாங்கவில்லை. கூற்று சரியா என்பது வேறு வழக்கு. முடிவு கூற்றிலிருந்து பிசகாமல் வந்தது. நெற்றிக்கண் சுட்டது கூற்றை, தர்க்கத்தை அல்ல!

மரம் சோறு போட்டது, தெரியுமா?

1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகம் செய்யத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கிறார்கள். அன்றைய தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போடுகிறார்: தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர் எல்லாரும் தண்டிக்கப்படுவார்கள். "எல்லாரும்" என்று தொடங்கும் கச்சிதமான கூற்று!

டெல்டா மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார்? ஆளைக் காணோம். மரம் கொடுத்தது! கலெக்டரின் கூற்றுக்குள் மரம் அடங்கவில்லை. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார்.

வேதாரண்யத்துச் சவரத் தொழிலாளி வைரப்பன் கதை இன்னும் நேர்த்தி. அந்தப் போராட்டத்தின்போது போலீஸ்காரர் யாருக்கும் சவரம் செய்வதில்லை என்று முடிவு எடுத்தவர். ஒருவருக்குப் பாதிச் சவரம் ஆன நேரத்தில் அவர் போலீஸ்காரர் என்று தெரியவருகிறது. கத்தியை மடக்கிவிட்டார்! எந்தப் போலீஸுக்கும் சவரம் இல்லை, இவர் போலீஸ், ஆகவே இவருக்கும் இல்லை. முகத்தில் பாதியோடு நின்ற அந்த முடிவுக்காக வைரப்பன் சிறைக்கும் போனார். தாளில் எழுதும் சிலாஜிசத்துக்குத் தவறினால் கால் மதிப்பெண் போகும். அவர் எழுதிய சிலாஜிசத்துக்குக் கொடுத்த விலை அதைவிடப் பெரியது.

வட்டம் வரைந்தவர் கிரிக்கெட்டும் ஆடவைத்தார், தெரியுமா?

நாம் பள்ளியில் போட்ட வென்படத்தை ஜான் வென் 1880-இல் வெளியிட்டார். அவருக்கு முன்பே ஆய்லர் வட்டம் போட்டுத் தர்க்கம் சொல்லியிருந்தார். வென் ஒரு பந்துவீசும் இயந்திரமும் கட்டினார்! 1909-இல் கேம்பிரிட்ஜ் வந்த ஆஸ்திரேலிய அணியின் நட்சத்திர வீரர் ஒருவரை அது நான்கு முறை போல்டாக்கியது.

தேர்வறையில் அந்த வட்டம்தான் உங்கள் துணை. வங்கி முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி, தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். விதிகளை மனத்தில் ஓட்டுவதைவிட மூன்று வட்டம் கிறுக்குவது வேகம். ஒரே ஒரு பழக்கம் வேண்டும். கூற்றுகள் இடம் கொடுக்கிற அளவுக்கு, முடிவைப் பொய்யாக்கும்படி ஒரு படம் வரையப் பாருங்கள். வரைய முடிந்தால் முடிவு பொருந்தாது. முடியவே முடியாது என்றால்தான் பொருந்தும்.

சரி, விடைக்கு வருவோம். உப்பு வட்டம் கடல் வட்டத்துக்குள், கடல் வட்டம் முல்லை வட்டத்துக்குள். ஆகவே முதல் முடிவு பொருந்தும். மான் வட்டம் முல்லையைத் தொட்டாக வேண்டும், உப்பைத் தொடலாம், தொடாமலும் போகலாம். ஆகவே 2 உறுதியில்லை, 3-உம் உறுதியில்லை. ஆனால் இரண்டும் மறைக்காட்டுக் கதவு மாதிரி எதிரெதிர். எனவே விடை: முடிவு 1 பொருந்தும், 2, 3 ஆகியவற்றில் ஏதோ ஒன்று பொருந்தும்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும், வாசலில் விட்ட செருப்பை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். உலகத்தில் உப்பு உப்புதான், முல்லை முல்லைதான்!